எந்தச் சேமிப்புக் கணக்கு யாருக்கு?

சேமிப்புக் கணக்கு தொடங்கப் போகிறவர்கள் முதலில் விசாரிப்பது வட்டியைத்தான். 2011 அக்டோபர் வரை அந்தக் கேள்விக்கே இடமில்லை. எல்லா வங்கிகளிலும் ரிசர்வ் வங்கி சொன்ன ஒரே வட்டி. அந்தக் கட்டுப்பாடு நீங்கியபின் வங்கிக்கு வங்கி வட்டி வேறுபடுகிறது. ஆனாலும் 20,000 ரூபாய் வைத்திருப்பவருக்கு 2.5 சதவீதத்துக்கும் 4 சதவீதத்துக்கும் ஆண்டில் வரும் வித்தியாசம் 300 ரூபாய்தான். மினிமம் பேலன்ஸ் குறைந்ததற்காகப் பிடிக்கும் அபராதம் சில மாதங்களில் இதை விழுங்கிவிடும். எனவே முதலில் பார்க்க வேண்டியது இருப்பு நிபந்தனை.

பல வங்கிகள் மாதச் சராசரியைப் பார்க்கின்றன. ஒவ்வொரு நாள் முடிவிலும் உள்ள இருப்பைக் கூட்டி, மாதத்தின் நாட்களால் வகுப்பார்கள். 10,000 ரூபாய் சராசரி கேட்கும் கணக்கில் 30,000 ரூபாய் பத்து நாள் கிடந்துவிட்டு, மீதி இருபது நாள் காலியாக இருந்தாலும் அபராதம் இல்லை. மாதம் முழுக்க 9,000 ரூபாயைத் தொடாமல் வைத்திருப்பவருக்கு உண்டு!

சம்பளக் கணக்கில் இந்தத் தொல்லை இல்லை. ஆனால் வேலை மாறி, தொடர்ந்து சில மாதம் சம்பளம் வராவிட்டால் வங்கி அதைச் சாதாரணக் கணக்காக மாற்றிவிடும்; மினிமம் பேலன்ஸும் கூடவே வந்துவிடும்.

வருமானம் ஒழுங்காக வராதவர்களுக்கு ஏற்றது அடிப்படை சேமிப்புக் கணக்கு. ஜன்தன் கணக்கும் இந்த வகையே. இருப்பு பூஜ்யமாக இருக்கலாம், ஏடிஎம் கார்டு இலவசம், மாதம் நான்கு முறையாவது கட்டணமின்றிப் பணம் எடுக்கலாம். அதே வங்கியில் வேறு சேமிப்புக் கணக்கு வைத்துக்கொள்ள மட்டும் முடியாது.

அஞ்சலகக் கணக்குக்கு 500 ரூபாய் இருந்தால் போதும். வட்டி 4 சதவீதம். ஆனால் வங்கிகள் 2010 ஏப்ரல் முதல் அன்றாட இருப்புக்கு வட்டி கணக்கிட, அஞ்சலகமோ 10ஆம் தேதி முதல் மாதக் கடைசி வரை இருந்த மிகக் குறைந்த தொகைக்கே தருகிறது. 25ஆம் தேதி எடுத்து 28ஆம் தேதி திரும்பப் போட்டாலும், எடுத்த தொகைக்கு அந்த மாத வட்டி போய்விடும். அடிக்கடி எடுத்துப் போடுகிறவர்களுக்கு இது சரிப்படாது.

பெரிய தொகை வைத்திருப்பவர்கள் பாதுகாப்பையும் பார்க்க வேண்டும். அஞ்சலகப் பணத்துக்கு மத்திய அரசு பொறுப்பு. வங்கி முடங்கினால், வைப்புத்தொகைக் காப்பீடு அசலும் வட்டியும் சேர்த்து 5 லட்சம் ரூபாய் வரைதான். அதே பெயரில் ஒரே வங்கியின் இரண்டு கிளைகளில் பிரித்துப் போட்டாலும் இந்த வரம்பு கூடாது.