வயலில் நிற்கும் தண்ணீரும் வானத்துச் சூடும்

காலநிலை மாற்றம் என்றதும் நிலக்கரி, பெற்றோல், பெரிய நாடுகளின் ஆலைப் புகை என்றுதான் பேசுவோம். அது சரியே. புவி சூடேறப் பிரதான காரணம் உயிர்ச்சுவட்டு எரிபொருள்களை எரிப்பதால் சேரும் காபனீரொட்சைட்டு. அதில் இலங்கையின் பங்கு மிகச் சிறியது. ஆனால் நமது வட்டைகளிலிருந்தும் ஒரு வாயு மேலே போகிறது. அதை நாம் பேசுவது குறைவு.

வயலில் நீர் கட்டி நிற்கும்போது சேற்றுக்குள் ஒட்சிசன் போகாது. அங்குள்ள நுண்ணங்கிகள் பழைய வைக்கோலையும் வேரையும் உக்கவைத்து மெதேனை உண்டாக்குகின்றன. பெரும்பாலும் நெற்பயிரின் உள்ளே குழாயில் ஏறுவதுபோல ஏறித்தான் அது வெளியேறுகிறது. வளியில் ஏறத்தாழ 12 வருடங்களே தங்கும். ஆயினும் 20 வருடக் கணக்கில், அதே எடைக் காபனீரொட்சைட்டைவிட 80 மடங்களவு சூட்டைப் பிடித்துவைக்கும். சீக்கிரம் அழிகிற வாயு என்பதால், குறைத்தால் பலனும் சீக்கிரம் தெரியும்.

வழி இருக்கிறது. பிலிப்பைன்ஸிலுள்ள சர்வதேச நெல் ஆராய்ச்சி நிறுவனம் பரப்பிய முறை அது. துளையிட்ட குழாயொன்றை வயலில் புதைத்து, நீர்மட்டம் மண்ணுக்குக் கீழே 15 சென்ரிமீற்றர் இறங்கும்வரை காயவிட்டு, பிறகு பாய்ச்ச வேண்டும். பூக்கும் பருவத்தில் மட்டும் நீர் நிற்க வேண்டும். ஒழுங்காகச் செய்தால் விளைச்சல் குறையாமலே மெதேனைப் பாதியளவுக்குக் குறைக்கலாம்.

"காயவிட்டா புல்லு மூடிரும்" என்பார்கள் நம்ம விவசாயிகள். நியாயமான பேச்சு. ஆகவே ஆரம்பக் கிழமைகளில் நீர் வைத்துக் களையை அடக்கிய பிறகே காயவிட வேண்டும். பெரிய பயம் வேறு: இன்றைக்கு வாய்க்காலை அடைத்தால் அடுத்த முறைத் தண்ணி நமக்கு வருமா? சேனநாயக்க சமுத்திரத்து நீரை நம்பிச் செய்யும் சம்மாந்துறை, அக்கரைப்பற்று வயல்களில் இது சின்னக் கேள்வி அல்ல.

மதீனாவின் மஹ்சூர் ஓடை நீர் பற்றிய நபி (ஸல்) அவர்களின் தீர்ப்பு அபூதாவூதில் பதிவாகியுள்ளது. மேலே இருப்பவர் கரண்டைக்கால் அளவுக்கு நிறுத்திவிட்டு, கீழே இருப்பவருக்குத் திறந்துவிட வேண்டும். அளவும் முறையும் இரண்டும் அதில் உண்டு. நமது வாய்க்கால்களிலோ முறை சொல்லப்படும், நாள் தவறும். நீர் திறக்கும் நாளை முன்பே எழுதி ஒட்டி, அதே நாளில் திறந்தால்தான் ஒருவர் துணிந்து வயலைக் காயவிடுவார். பெரும்போக மழையில் காயவிடவே முடியாது. சிறுபோகத்தில், ஒரு முழு வாய்க்காலும் சேர்ந்து தொடங்கிப் பார்க்கலாம்.