எல்லையைத் தாண்டியது யார்?

ஒரு சதத்துக்குக்கூடப் பொருள் வாங்காத மாதத்தில், கடனட்டையின் எல்லையைத் தாண்டிவிட்டீர்கள் என்று வங்கி தண்டம் அறவிட முடியுமா? முடியும். கல்கிசையிலும் வெள்ளவத்தையிலும் கொட்டாஞ்சேனையிலும் அந்தத் தண்டத்தைக் கணக்குக் கூற்றில் கண்டவர்கள் இருக்கிறார்கள். எங்கேயோ கை மீறிச் செலவழித்துவிட்டோம் போல என்று தங்களையே நொந்துகொண்டு கட்டிவிடுகிறார்கள்.

கணக்கைப் போட்டுப் பார்ப்போம். அட்டையின் எல்லை 200,000 ரூபா, நிலுவை 196,000 ரூபா. இன்னும் 4,000 மிச்சம் இருக்கிறதே என்ற நம்பிக்கையில் அட்டையை அலுமாரிக்குள் வைத்துப் பூட்டிவிடுகிறீர்கள். அந்த மாதக் கொடுப்பனவும் ஏதோ காரணத்தால் தவறிப்போகிறது. வருடத்துக்கு 18 சதவீத வட்டி என்றால் ஒரு மாத வட்டி 2,940 ரூபா. நிலுவை 198,940 ஆகும், எல்லைக்குள் நிற்கும். வட்டி 28 சதவீதமானால் மாதத்துக்கு ஏறத்தாழ 4,573 ரூபா. நிலுவை 200,573 ஆகிவிடும். 36 சதவீதமானால் 201,880. தாமதக் கட்டணத்தை இன்னும் சேர்க்கவே இல்லை. பழைய கடன் அப்படியே இருக்க, வட்டி மட்டும் எல்லைக்கு வெளியே போய் நிற்கிறது. அதற்கு மேல் எல்லை மீறிய கட்டணம் வருகிறது. அந்தக் கட்டணத்துக்கும் அடுத்த மாதம் வட்டி உண்டு.

இந்த மூன்று வட்டி வீதங்களும் உதாரணத்துக்காக நான் கற்பனை செய்தவை அல்ல. நாம் வாழ்ந்து கடந்தவை. 2020 ஆகஸ்டில் மத்திய வங்கி கடனட்டை வட்டிக்கு 18 சதவீதம் என்று உச்சவரம்பு போட்டது. 2022 ஏப்ரலில், பொருளாதாரம் சரிந்துகொண்டிருந்த நாட்களில், உச்சவரம்பு நீக்கப்பட்டது. சில மாதங்களுக்குள் வட்டி 36 சதவீதம் வரை ஏறியது. 2023 ஆகஸ்டில் மீண்டும் ஓர் ஆணை வந்து 28 சதவீதத்தில் கட்டியது. இவ்வளவு நடந்தபோதும் பலருடைய அட்டையின் எல்லை அதே தொகையில்தான் கிடந்தது. வட்டி இரண்டு மடங்கானபோது, எல்லையை ஒட்டி நிலுவை வைத்திருந்தவர்களைக் கூடுதலாக எதையும் வாங்காமலே தண்டம் தேடி வந்தது. இதைச் செலவாளியின் குணக்கேடு என்று சொல்வதை என்னால் ஏற்க முடியவில்லை.

டொலரும் அதே வேலையைச் செய்தது. 2022 மார்ச்சின் தொடக்கத்தில் 203 ரூபாவாக இருந்த ஒரு டொலர், மே மாதத்தில் 360 ரூபா அளவுக்குப் போனது. வெளிநாட்டு நாணயத்தில் செய்யும் கொடுப்பனவு, அட்டையைப் பயன்படுத்திய நிமிடத்து விலையில் அல்ல, கணக்கில் பதியப்படும் நாளின் விலையில் ரூபாவாக மாறும். பிள்ளையின் இலண்டன் பரீட்சைக் கட்டணம், மாதாமாதம் தானாகக் கழியும் இணையச் சந்தா, வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கான விண்ணப்பக் கட்டணம் எல்லாம் இப்படிப் பதிபவைதான். 100 டொலரின் ரூபாப் பெறுமதி 20,300இலிருந்து 36,000 ஆனபோது எத்தனை வீடுகளின் கணக்கு குழம்பியிருக்கும் என்று எண்ணிப் பாருங்கள்.

எல்லை என்றதும் நாம் ஒரு மதிலை நினைக்கிறோம். மதிலென்றால் முட்டி நிற்க வேண்டும், கடையில் அட்டை மறுக்கப்பட வேண்டும். ஆனால் பல வங்கிகள் எல்லைக்கு மேலும் சிறிது தூரம் போகவிடுகின்றன. மருத்துவமனைக் கட்டண மேசையில் நிற்பவருக்கு அது உதவிதான், அதை மறுக்கவில்லை. ஆனால் அந்த உதவிக்கு விலை இருக்கிறது என்பதை அந்த நேரத்தில் யாரும் சொல்வதில்லை. கட்டணம் எவ்வளவு என்பது வங்கிக்கு வங்கி மாறும். சில இடங்களில் நிலையான தொகை, சில இடங்களில் மீறிய தொகையில் ஒரு வீதம். உங்கள் வங்கியின் கட்டணப் பட்டியலில் அந்த ஒரு வரியை மட்டுமாவது தேடிப் பாருங்கள்.

எல்லையைச் சத்தமில்லாமல் தின்னும் வேறு சிலவும் உண்டு. வட்டியில்லாத் தவணையில் குளிர்சாதனப் பெட்டி வாங்கினால், மாதத் தவணை சிறிதாக இருந்தாலும் முழு விலையும் எல்லையிலிருந்து பொதுவாக ஒதுக்கப்பட்டுவிடும். கட்டக் கட்டத்தான் இடம் திரும்பும். கடற்கரையோர விடுதியில் அறை எடுக்கும்போது முற்பணமாகப் பிடித்து வைக்கும் தொகை, நீங்கள் வெளியேறி நாட்கள் கழிந்த பிறகும் விடுபடாமல் இருக்கலாம். மனைவிக்கோ மகனுக்கோ எடுத்துக் கொடுத்த மேலதிக அட்டைக்குத் தனி எல்லை என்று பலர் நினைக்கிறார்கள். பெரும்பாலும் இரண்டு அட்டைக்கும் ஒரே எல்லைதான். அவர் கொட்டாஞ்சேனையில் இழுக்க, நீங்கள் வெள்ளவத்தையில் இழுக்க, கூட்டுத்தொகை கணக்குக் கூற்றில்தான் தெரியவரும். போயா விடுமுறையை ஒட்டி அட்டைக் கொடுப்பனவுக்குக் காசோலை போடுகிறவர்களும் கவனிக்க வேண்டும். காசோலை தெளிவாக வேலை நாள் வேண்டும். வங்கிக்கு வங்கி உடனே பணம் போகும் வசதி 2015 முதல் இங்கே இருக்கிறது. கடைசி நாளில் அதுதான் கைகொடுக்கும்.

மற்ற நாடுகள் இதை எப்படிக் கையாண்டன என்பது தெரிந்திருக்க வேண்டும். அமெரிக்காவில் 2009இல் வந்த கடனட்டைச் சட்டத்துக்குப் பிறகு, வாடிக்கையாளர் முன்கூட்டியே சம்மதம் தெரிவித்தால் தவிர எல்லை மீறிய கட்டணம் எடுக்க முடியாது. எடுத்தாலும் மீறிய தொகையைவிடக் கட்டணம் கூடக் கூடாது. வட்டியாலும் வங்கியின் சொந்தக் கட்டணங்களாலும் மட்டுமே எல்லை தாண்டப்பட்டிருந்தால் தண்டமே இல்லை. நமது 196,000 ரூபாக் கணக்கு அங்கே இருந்திருந்தால் தண்டமின்றி முடிந்திருக்கும். இந்திய ரிசர்வ் வங்கியும் 2022 ஏப்ரல் நெறிமுறைகளில், வாடிக்கையாளரின் வெளிப்படையான சம்மதம் இல்லாமல் எல்லையைத் தாண்டவிடக் கூடாது என்றது. இங்கே அந்தச் சம்மதம் பெரும்பாலும் விண்ணப்பப் படிவத்தின் பொடி எழுத்து நிபந்தனைகளுக்குள் அடங்கிவிடுகிறது. ‘எல்லைக்கு மேல் அனுமதிக்கவா, வேண்டாமா?’ என்ற ஒரு கேள்வியைத் தனியாகக் கேட்டுக் கையொப்பம் வாங்குவது நமது வங்கிகளுக்கும் பெரிய சிரமம் அல்ல. அது கட்டாயமாக வேண்டும் என்பதே என் நிலைப்பாடு.

கட்டணம் ஏற்கெனவே விழுந்துவிட்டதா? முதலில் மீறிய தொகையை உடனே கட்டிவிடுங்கள். பல வங்கிகளில் குறைந்தபட்சக் கொடுப்பனவோடு மீறிய தொகை முழுவதும் சேர்ந்துதான் கேட்கப்படும். வழக்கம்போல ஐந்து சதவீதத்தைக் கட்டிவிட்டு நிம்மதியாக இருந்தால் தாமதக் கட்டணமும் சேரும். நிலுவை நீண்டால் இலங்கை கொடுகடன் தகவல் பணியகத்தின் பதிவிலும் ஏறும். ‘கிரிப்’ என்று எல்லோரும் சொல்வது அதைத்தான். நாளை வீட்டுக் கடனுக்குப் போகும்போது அந்தப் பதிவு முன்னே வந்து நிற்கும்.

பிறகு வங்கியை அழையுங்கள். முதல் தடவை என்றால், கேட்பவருக்குக் கட்டணத்தை மீளச் செலுத்தும் வழக்கம் பல வங்கிகளில் உண்டு. கேட்காதவருக்கு யாரும் தேடி வந்து தருவதில்லை. அதே அழைப்பில், இனி எல்லைக்கு மேல் எந்தக் கொடுக்கல் வாங்கலையும் அனுமதிக்க வேண்டாம் என்று அறிவுறுத்த முடியுமா என்றும் கேளுங்கள். ஒரு அட்டையில் காசு எடுத்து மற்ற அட்டையை அடைக்கும் வேலைக்கு மட்டும் போகாதீர்கள். காசாக எடுத்த அன்றே கட்டணமும் வட்டியும் ஓடத் தொடங்கும். 2023 ஆகஸ்ட் ஆணையில் கடனட்டைக்கு 28 சதவீதம் விதித்த மத்திய வங்கி, நகை அடகுக்கு விதித்த உச்சம் 18 சதவீதம். நகையை அடகு வைக்கக் கூச்சப்படுகிற நாம், அதைவிடக் கூடிய வட்டிக்கு அட்டையை நீட்டும்போது கூச்சப்படுவதில்லை. நகையை அடகு வைக்கச் சொல்லவில்லை, அதை மீட்க முடியாமல் போன வீடுகளும் உண்டு. எந்தக் கடன் கூடிய விலைக்கு வருகிறது என்பது தெரிந்திருக்க வேண்டும் என்பதற்காகச் சொல்கிறேன்.

வங்கி மறுத்தால் எழுத்தில் முறையிடுங்கள். அங்கும் தீராவிட்டால் 2003 முதல் இயங்கும் நிதி ஒம்புட்ஸ்மனிடம் போகலாம். மத்திய வங்கி 2020இல் தொடங்கிய நிதியியல் நுகர்வோர் உறவுகள் திணைக்களமும் இருக்கிறது, அழைப்பு இலக்கம் 1935. இரண்டு இடத்திலும் முதலில் கேட்பார்கள், வங்கியிடம் முறையிட்டீர்களா என்று. ஆகவே கடிதத்தின் பிரதியும் அழைப்புக்குத் தந்த முறைப்பாட்டு இலக்கமும் கையில் இருக்கட்டும்.

கடிதத்தைத் தமிழிலேயே எழுதலாம். நீளம் வேண்டாம். ‘இந்தத் திகதிக் கூற்றில் எல்லை மீறிய கட்டணமாக இவ்வளவு ரூபா அறவிடப்பட்டுள்ளது. அந்த மாதத்தில் நான் எந்தக் கொள்வனவும் செய்யவில்லை. எல்லை தாண்டப்பட்டது எந்தத் திகதியில், எந்தப் பதிவினால் என்பதை எழுத்தில் தெரிவிக்கவும். அது வட்டியாலோ வங்கிக் கட்டணத்தாலோ ஏற்பட்டதாயின், அறவிட்ட தொகையைக் கணக்கில் மீள வரவு வைக்கவும்.’ கீழே கையொப்பம், அட்டையின் கடைசி நான்கு இலக்கங்கள், திகதி.