35 டிகிரிதான், ஆனா ஏன் இப்படி வேகுது? ஜூன் வரைக்கும் சென்னை வெயில்

இந்த ஏப்ரல் நடுவுல சென்னை வானத்தைக் கவனிச்சீங்களா? மேகம் இல்லை, ஆனா நீலமும் இல்லை. பால் கலந்த மாதிரி வெளுத்துக் கிடக்கு. மெரினாவுல நின்னு பார்த்தா துறைமுகத்து கிரேன் மங்கலாத்தான் தெரியுது. வேப்பமரத்துல ஒரு இலை அசையல. வெதர் ஆப்பைத் திறந்தா 34, 35-னு காட்டுது. "வேலூர்ல 40 அடிக்குது, நமக்கு 35தானே, பரவாயில்லை"னு தோணும். இன்னிக்கு அந்தப் 'பரவாயில்லை'யைத்தான் பிரிச்சுப் பார்க்கப் போறோம். அப்படியே ஜூன் வரைக்கும் என்ன எதிர்பார்க்கலாம்னும் பேசிடலாம்.

காத்து ஏன் நின்னுபோச்சு?

இந்த மாதங்களில் தென்னிந்தியாவுக்கு மேலே, சில கிலோமீட்டர் உயரத்தில், ஓர் உயர் அழுத்தப் பகுதி அடிக்கடி வந்து உட்காரும். அங்கே காற்று மெதுவாகக் கீழே இறங்கும். இறங்கும் காற்று அமுங்கும், அமுங்கினால் சூடாகும். சைக்கிளுக்குக் காத்தடிச்ச பிறகு பம்பைத் தொட்டா சுடுமே, அதே கணக்கு.

சாதாரணமாக மேலே போகப் போகக் குளிரணும். இங்கே தலைகீழ். கீழே கடல் காற்று, அதுக்கு மேலே அதைவிடச் சூடான ஓர் அடுக்கு. இட்லிப் பானைக்கு மூடி போட்ட மாதிரி. வண்டிப் புகை, கட்டட வேலைத் தூசி, கடல் உப்புத் துகள், நீராவி எல்லாமே அந்த மூடிக்குக் கீழேயே சுத்தும். உப்பு, சல்பேட் மாதிரித் துகள்கள் ஈரத்தை உறிஞ்சி உப்பிப் பெருசாகும். பெரிய துகள்கள் எல்லா நிறத்தையும் கிட்டத்தட்ட ஒரே அளவில் சிதறடிக்கும். அதனாலதான் நீலம் காணாமப் போய் வானம் வெள்ளையா இருக்கு.

இந்த மங்கல் பகல்ல வெயிலைக் கொஞ்சம் தணிக்கும். ஆனா ராத்திரி கணக்கு மாறுது. தரை வெளியிடும் வெப்பத்தை ஈரக்காற்று பிடித்துத் திருப்பி அனுப்பும். பகல் முழுக்கச் சூடு குடிச்ச மொட்டைமாடி, ராத்திரி பூரா அதைக் கீழே வீட்டுக்குள்ள இறக்கும். விடியற்காலையில்கூடச் சட்டை முதுகுல ஒட்டுறதுக்குக் காரணம் இதுதான்.

எந்த 35?

உடம்பு தன்னைக் குளிர்விச்சுக்க நம்பியிருக்கிறது வியர்வையை. வியர்த்தா மட்டும் போதாது, அந்த வியர்வை ஆவியாகணும். காத்துல ஏற்கெனவே ஈரம் நிறைஞ்சிருந்தா அது ஆவியாகாது, சும்மா வழியும்.

அமெரிக்க வானிலை சேவை பயன்படுத்தும் வெப்பக் குறியீட்டு வாய்ப்பாட்டில் ரெண்டு ஊரைப் போட்டுப் பார்ப்போம். உள்மாவட்ட ஊர் ஒன்றில் 40 டிகிரி, ஈரப்பதம் 25 சதவீதம்: உடம்புக்குத் தெரிவது சுமார் 41. கடற்கரை ஊரில் 34 டிகிரி, ஈரப்பதம் 70 சதவீதம்: தெரிவது 46-க்கும் மேல்! அதுவும் நிழலில், லேசாகக் காற்று வீசும்போது. நேர் வெயிலில் நின்றால் இன்னும் 8 டிகிரி வரை கூடலாம்.

அலர்ட் வராத வெயில்

இங்கேதான் ஒரு ஓட்டை இருக்கு. இந்திய வானிலை ஆய்வுத் துறையின் வரையறைப்படி, கடலோர ஊர்களில் வெப்பநிலை குறைந்தது 37 டிகிரியைத் தொட்டு, வழக்கத்தைவிட 4.5 டிகிரி கூடுதலாகவும் இருந்தால்தான் அது வெப்ப அலை. மே மாதத்தில் சென்னையின் வழக்கமே 37-ஐ ஒட்டி. அப்படின்னா 41-ஐத் தாண்டணும். 'வெப்ப இரவு'ன்னு ஒரு வகையும் உண்டு. ஆனா அதைக் கணக்கில் எடுக்கவே பகல் வெப்பநிலை 40-ஐத் தொட்டிருக்கணும். பகல் 35, ராத்திரி புழுக்கம் என்கிற இந்த வாரம் எந்தப் பெட்டியிலும் விழாது.

2024 அக்டோபரில் தமிழ்நாடு அரசு வெப்ப அலையை மாநிலப் பேரிடராக அறிவித்தது, இறந்தவர் குடும்பத்துக்கு 4 லட்சம் ரூபாய் நிவாரணமும் உண்டு. நல்ல விஷயம். ஆனா அலர்ட்டைப் பார்த்து வேலை நேரத்தை மாத்தற கம்பெனி, ஸ்கூல், கட்டட சைட் எதுவும் இந்த மாதிரி வாரத்துல மாத்தாது. மதியம் ரெண்டு மணிக்கு நம்ம பிரியாணியைத் தூக்கிட்டு மூணு மாடி ஏறி வர்ற தம்பிக்கு வெப்ப அலை எச்சரிக்கை வராது. சென்னை வானிலை மையத்தின் அறிக்கையில் "அசௌகரியம் ஏற்படலாம்"னு ஒரு வரி வரும். அதைச் சாதாரணமா கடந்து போயிடாதீங்க. சென்னைக்கு அதுதான் நிஜமான எச்சரிக்கை.

இனி என்ன?

ஏப்ரல் 24 வாக்கில் சூரியன் சென்னைக்கு நேர் உச்சியில் வரும். நட்டு வச்ச கம்புக்கு நண்பகலில் நிழலே இருக்காது. ஆனா உச்ச வெயில் அன்னிக்கு இல்லை. அக்னி நட்சத்திரம் ஏறக்குறைய மே 4 முதல் 28 வரை. இந்த இடைவெளிக்குக் காரணம் காத்து.

இப்போ நம்மைக் காப்பாத்துறது கடல் காற்று. காலையிலேயே உள்ளே வந்து வெப்பநிலையை 35-ல் நிறுத்திடுது, பதிலுக்கு ஈரத்தைக் கொடுக்குது. மே மாதத்தில் மேற்குக் காற்று வலுக்கும். சூடான, வறண்ட அந்தக் காத்து கடல் காற்றை மதியம் வரைக்கும் வாசல்லயே நிறுத்தி வைக்கும். அது எவ்வளவு லேட்டாகுதோ, மீட்டர் அவ்வளவு ஏறும். 2003 மே 31 அன்று நுங்கம்பாக்கத்தில் பதிவான 45 டிகிரிதான் இன்றுவரை சாதனை.

வங்கக்கடலில் புயல் வந்து நம்ம பக்கம் வராம வடக்கே போனா, மேற்குக் காத்தை இன்னும் இழுக்கும். 2023 மே மாதம் மோக்கா புயல் மியான்மர் பக்கம் போனப்போ, சென்னை 40-ஐத் தாண்டியது. அதனால "புயல் வருது, மழை வரும்"னு உடனே சந்தோஷப்படாதீங்க. எந்தப் பக்கம் போகுதுன்னு பாருங்க.

நல்ல செய்தியும் அதே மேற்கிலிருந்துதான். ஜூன் 1 வாக்கில் கேரளாவில் பருவமழை தொடங்கும். அந்தக் காலகட்டத்தில் சித்தூர், திருத்தணி பக்கம் மதியம் உருவாகும் இடிமேகங்கள் சாயங்காலமோ ராத்திரியோ நம்ம பக்கம் நகரும். மூடி அப்போதான் திறக்கும்.

எந்தத் தேதியில் எத்தனை டிகிரின்னு இப்பவே யாராலும் சொல்ல முடியாது. பருவகால முன்னறிவிப்பு சொல்வது வாய்ப்பை மட்டும்தான்: வழக்கத்தைவிடக் கூடவா, குறைவா. வியாழக்கிழமைதோறும் வரும் நீள்கால முன்னறிவிப்பு அடுத்த சில வாரங்களின் போக்கைச் சொல்லும். நாள் கணக்குத் திட்டத்துக்கு நாலஞ்சு நாள் முன்னறிவிப்பை மட்டும் நம்புங்க.

ஆப்பில் மூணு விஷயம் பாருங்க. ஒண்ணு, டியூ பாயின்ட்: 26-க்கு மேல் போனா வியர்வை வேலை செய்யத் திணறும். ரெண்டு, குறைந்தபட்ச வெப்பநிலை: 29-ஐ ஒட்டியே தொடர்ந்து மூணு ராத்திரி இருந்தா, வீட்டுல இருக்கிற தாத்தா பாட்டியை ஒரு தடவை கூடுதலா விசாரிங்க. அவங்க தாகம் எடுக்கலைன்னுதான் சொல்வாங்க, தண்ணியைக் கையில கொடுங்க. மூணு, காலை 11 மணிக்குக் காத்து எந்தத் திசை: கிழக்குன்னா புழுக்கம், மேற்குன்னா சுடுவெயில்.

யாராவது குழறிப் பேசினாலோ, மயங்கினாலோ, உடனே 108. வண்டி வர்ற வரைக்கும் நிழலுக்குக் கொண்டுபோய் உடம்பை நனைச்சு விசிறுங்க. மயக்கத்துல இருக்கிறவங்க வாயில தண்ணி ஊத்தாதீங்க.

அப்புறம், டெலிவரி வந்தா கதவைத் திறக்கும்போதே ஒரு டம்ளர் தண்ணியும் கையில இருக்கட்டும். அடுத்த எபிசோடில் பார்ப்போம் மக்களே.