குசினியை உடைக்கும் முன் கொப்பியைத் திறவுங்கள்

கடையைப் பெரிதாக்கும்போது எத்தனை தடவை கணக்குப் பார்க்கின்றோம்! எந்தத் தட்டு எங்கே வரும், எவ்வளவு சரக்குப் பிடிக்கும், போட்ட முதல் எப்போது திரும்பும் என்றெல்லாம் யோசித்த பிறகே ஓர் ஆணி அடிக்கின்றோம். ஆனால் வீட்டுக் குசினியைத் திருத்துவதென்றால் மட்டும் மேசன் பாஸைக் கூப்பிட்டு, "முதலில் உடையுங்கள், மற்றதைப் பிறகு பார்ப்போம்" என்று சொல்லிவிடுகின்றோம். அடுத்தவரைக் குறை சொல்வதற்காக இதை எழுதவில்லை. எனக்கே நடந்ததுதான்.

2022 பெப்ரவரியில் எங்கள் குசினியை உடைத்தோம். டைல்ஸுக்கும் பென்ட்ரி கபர்ட்டுக்கும் வாய்ப்பேச்சில் விலை பேசியிருந்தேன். மார்ச்சில் ரூபாவை மிதக்கவிட்டார்கள். 200 ரூபா அளவில் நின்ற டொலர், மே மாதத்தில் ஏறத்தாழ 360 ரூபாவுக்கு வந்தது. பேசிய விலைக்கு ஒரு பொருளும் கிடைக்கவில்லை. முற்பணமாக நான் கொடுத்ததோ, சரக்குத் தந்தவருக்கு எழுதிய காசோலைக்கென ஒதுக்கி வைத்த பணம். "இரண்டு கிழமைக்குக் காசோலையைப் போட வேண்டாம் நாநா" என்று அவரிடம் போய் நின்றேன். என் வியாபார வாழ்க்கையில் அப்படி நின்றது அதுவே முதல் தடவை. கேஸுக்கு மக்கள் வரிசையில் நின்ற காலமும் அது. என் மனைவி பின் விறாந்தையில் கல் வைத்து, விறகு மூட்டி மூன்று மாதம் சமைத்தார்.

அதிலிருந்து படித்தவற்றைக் கீழே தருகின்றேன்.

பணத்தைப் பிரித்து வையுங்கள்

குசினி வேலைக்குக் கடையின் சுழற்சிப் பணத்தைத் தொடாதீர்கள். மொத்தச் செலவை எழுதி, அதற்கு மேல் நூற்றுக்கு 15 வீதம் சேர்த்து, அந்தத் தொகை தனியாகக் கையில் இருந்தால் மட்டும் தொடங்குங்கள். பழைய சுவரை உடைத்த பிறகுதான் ஒழுகும் குழாயும் உக்கிய மரமும் தெரியவரும். அந்த 15 வீதம் அதற்கானது.

விலையை எழுத்தில் வாங்குங்கள். அந்த விலை எந்தத் திகதி வரை செல்லும் என்பதும் அதில் இருக்க வேண்டும். பாஸுக்கு வேலை நகர நகரக் கட்டம் கட்டமாகப் பணம் கொடுங்கள். கடைசி 10 வீதத்தை, ஒரு மாதம் பாவித்துப் பார்த்த பிறகு கொடுப்பதென்று முதலிலேயே பேசிக்கொள்ளுங்கள். பிறகு பேசினால் மனக்கசப்பு வரும்.

சமைப்பவரிடம் கேளுங்கள்

திட்டம் போடுவது நாம், நிற்பது அவர்கள். மேடையின் உயரம் வழமையாக 34 முதல் 36 அங்குலம். ஆனால் சமைப்பவர் முழங்கையை மடித்து நிற்கும்போது, அந்த முழங்கைக்கு 4 முதல் 6 அங்குலம் கீழே மேடை இருப்பதே இடுப்புக்கு நல்லது. இரு பக்கமும் மேடை வருவதானால் நடுவில் மூன்றரை அடியாவது விடுங்கள். ஃபிரிஜ், சிங்க், அடுப்பு மூன்றும் ஒன்றுக்கொன்று சில எட்டுத் தூரத்தில் அமைந்தால் ஒரு நாளைக்கு எத்தனையோ நடை மிச்சம்.

மின்சாரமும் கேஸும்

டைல்ஸ் ஒட்டுவதற்கு முன்பே வயரிங், தண்ணீர்க் குழாய், கழிவுக் குழாய் மூன்றும் முடிந்திருக்க வேண்டும். ஒட்டிய டைல்ஸை உடைப்பது இரட்டைச் செலவு. கேத்தல் 2000 வொட், மைக்ரோவேவ் 1200, ரைஸ் குக்கர் 700. மூன்றையும் ஒரே நீட்டுப் பிளக்கில் போட்டால் 3900 வொட், அதாவது 17 அம்பியர் அளவில் வரும். 13 அம்பியர் பிளக் அதைத் தாங்காது. ஆகவே பிளக் பொயின்ட்டுகளைக் கூடுதலாக வையுங்கள். அவனுக்குத் தனி லைன் எடுங்கள்.

சமையல் வாயு காற்றை விடப் பாரமானது. கசிந்தால் தரையோடு தேங்கி நிற்கும். சிலிண்டரை மூடிய கபர்ட்டுக்குள் வைக்காதீர்கள். சுவருக்கு வெளியே, காற்றோட்டமான நிழலில் இடம் கொடுங்கள். 2021 கடைசியில் நாடு முழுவதும் பேசப்பட்ட சிலிண்டர் வெடிப்புகளை மறந்துவிடக் கூடாது.

பொருளை எண்ணி வாங்குங்கள்

தரை 12 அடிக்கு 10 அடி என்றால் 120 சதுர அடி. இரண்டடிச் சதுர டைல்ஸ் 30 தேவை. வெட்டிலும் உடைவிலும் போவதற்கு 3 சேர்த்து 33 வாங்குங்கள். பெட்டியில் உள்ள தொகுதி இலக்கம் ஒன்றாக இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாவிட்டால் நிறம் மாறும். சிங்குக்குக் கீழே சிப்போர்ட் வேண்டாம், ஈரத்தில் ஊதிவிடும். அந்த இடத்துக்கு அலுமினியம் நல்லது.

காலத்தைப் பாருங்கள்

நோன்புக்கும் பெருநாளுக்கும் முன்னால் தொடங்காதீர்கள். கடையில் நமக்கும் நேரமில்லை, வீட்டில் அவர்களுக்கும் குசினி இல்லாமல் முடியாது. பாஸ் சொல்லும் நாட்களோடு பாதியைக் கூட்டிக்கொள்ளுங்கள். உடைக்கும் முன்பே ஓர் அடுப்பு, ஒரு தண்ணீர்க் குழாய், பாத்திரம் வைக்க ஒரு மேசை ஆகியவற்றோடு தற்காலிகக் குசினியை ஆயத்தப்படுத்துங்கள். சுவரை இடிப்பதாகவோ வெளியே நீட்டிக் கட்டுவதாகவோ இருந்தால், பிரதேச சபையிலோ நகர சபையிலோ அனுமதி பற்றி முதலில் விசாரியுங்கள்.

எங்கள் குசினி ஒருவாறு முடிந்தது. அந்தக் காசோலைக்கும் சொன்ன திகதியில் பணம் போட்டேன். ஆனாலும் அந்த நாநாவின் கடை வாசலில் நின்ற நிமிடம் இன்னும் மனதில் இருக்கின்றது. டைல்ஸ் உடைந்தால் மாற்றலாம். சந்தையில் சொல் உடைந்தால் ஒட்டுவதற்கு எந்த ஹார்ட்வெயார் கடையிலும் சாமான் கிடையாது.