தொலைக்காட்சிக்கும் காலாவதித் தேதி வேண்டும்

மாத்திரை அட்டையிலும் பால் பாக்கெட்டிலும் காலாவதித் தேதி அச்சிடப்பட்டிருக்கிறது. பத்துப் பதினைந்தாயிரம் ரூபாய் கொடுத்து வாங்கும் ஸ்மார்ட் தொலைக்காட்சிப் பெட்டியில் அப்படி ஒரு தேதி இல்லை. ஆனால், அதற்கும் காலாவதி உண்டு. திரை பழுதாகாமல் பத்து ஆண்டுகள் ஒளிரலாம். அதை இயக்கும் மென்பொருளுக்கு உற்பத்தி நிறுவனம் அளிக்கும் ஆதரவு அதற்கு வெகு முன்பே நின்றுவிடலாம். அந்த நாள் எது என்பது வாங்குபவருக்குத் தெரிவதில்லை.

இது மாநகர வீடுகளின் பிரச்னை மட்டுமல்ல. திருவள்ளூர் மாவட்டத்தில் பழவேற்காடு ஏரியை ஒட்டியுள்ள மீனவர் குப்பங்களை எடுத்துக்கொள்வோம். ஏரியின் முகத்துவாரம் திறந்திருக்கிறதா, இறால் வரத்து எப்படி, கடல் அமைதியாக இருக்கிறதா என்பதைப் பொறுத்தே அங்கு வருமானம். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரையிலான மீன்பிடித் தடைக்காலத்துக்கு மீனவர் குடும்பம் ஒன்றுக்குத் தமிழக அரசு வழங்கும் நிவாரணம் ரூ.8,000. சாதாரண 32 அங்குல ஸ்மார்ட் தொலைக்காட்சியின் விலை அதைவிட அதிகம். புயல் எச்சரிக்கைச் செய்தி, பிள்ளைகளுக்கான பாடம், மாலை நேரப் பொழுதுபோக்கு என எல்லாவற்றுக்கும் பயன்படும் அந்தப் பெட்டி ஒரு தவறான புதுப்பிப்பால் முடங்கினால், வீணாவது ஒரு பருவத்தின் சேமிப்பு.

தமிழக அரசு 2006-இல் தொடங்கிய இலவச வண்ணத் தொலைக்காட்சித் திட்டத்தில் ஒன்றரைக் கோடிக்கும் மேற்பட்ட பெட்டிகள் வழங்கப்பட்டன. படக்குழாய் கொண்ட அப்பெட்டிகளை உரிமையாளர் புதுப்பிக்க வேண்டிய தேவையே இருக்கவில்லை. பழுதானால் பக்கத்து ஊர் மெக்கானிக் திறந்து பார்ப்பார். ஸ்மார்ட் தொலைக்காட்சி அப்படியல்ல. அது திரை பொருத்திய ஒரு கணினி. அதன் உள்நினைவகத்தில் பதிக்கப்பட்டுள்ள அடிப்படை மென்பொருளை ‘ஃபர்ம்வேர்’ என்கிறார்கள். பெட்டி இயங்குவதும், இணையத்துடன் பேசுவதும், செயலிகளைத் திறப்பதும் அதன் வேலை.

அந்த மென்பொருள் பழையதாகும்போது, பழுதே இல்லாத பெட்டியும் பயன் இழக்கத் தொடங்குகிறது. யூடியூப் தனது பழைய தொழில்நுட்ப இணைப்பை 2015 ஏப்ரலில் கைவிட்டபோது, 2012-க்கும் அதற்கு முன்பும் வந்த பல தொலைக்காட்சிகளில் அந்தச் செயலி நின்றுபோனது. 2019 டிசம்பரில் சாம்சங் நிறுவனத்தின் 2010, 2011-ஆம் ஆண்டு மாடல்கள் சிலவற்றில் நெட்ஃபிளிக்ஸ் நின்றது. இணையதளங்களின் நம்பகத்தன்மையை உறுதிசெய்யும் மூலச் சான்றிதழ் ஒன்று 2021 செப்டம்பர் 30 அன்று காலாவதியானபோது, புதுப்பிக்கப்படாத பழைய கருவிகள் பலவற்றில் தளங்கள் திறக்க மறுத்தன.

பாதுகாப்புக் காரணமும் உண்டு. ‘பேட்பாக்ஸ் 2.0’ என்ற தீங்குநிரல் குறித்து அமெரிக்காவின் எஃப்.பி.ஐ. 2025 ஜூனில் எச்சரித்தது. மலிவு விலை இணையத் தொலைக்காட்சிப் பெட்டிகள் உள்ளிட்ட கருவிகளில் விற்பனைக்கு முன்பே, அல்லது அதிகாரபூர்வமற்ற செயலிகள் வழியாக அது நுழைந்திருந்தது. இப்படிப் பீடிக்கப்பட்ட வீட்டின் இணைய இணைப்பைக் குற்றவாளிகள் தங்கள் முகமூடியாகப் பயன்படுத்திக்கொள்ள முடியும். மீன் விற்ற பணத்தை யு.பி.ஐ. வழியாகப் பெறும் கைப்பேசியும் அதே வைஃபையில்தான் இணைந்திருக்கிறது என்பதை நினைவில் கொள்ள வேண்டும்.

எனவே, நிறுவனம் அதிகாரபூர்வமாக வெளியிட்ட புதுப்பிப்பு இருந்தால் அதைச் செய்துகொள்வதே நல்லது. அதில் இரண்டு கட்டங்கள் உள்ளன. முதலாவது, கோப்பைப் பதிவிறக்குவது. இதில் இணைப்பு அறுந்தாலும் பெரும்பாலும் கேடில்லை, மீண்டும் தொடங்கலாம். இரண்டாவது, பழைய மென்பொருளை அழித்துப் புதியதை எழுதுவது. ஆபத்து இங்கேதான். பல பழைய மாடல்களில் மென்பொருளுக்கு ஒரே ஒரு பிரதிதான் உண்டு. எழுதும்போது பாதியில் மின்சாரம் நின்றால், பழையதும் இராது, புதியதும் இராது, பெட்டி எழாது. புதிய மாடல்கள் சிலவற்றில் இரு பிரதிகள் இருப்பதால் தோல்வியுற்றால் பழையதற்குத் திரும்பும் வசதி உண்டு.

ஆகவே, புதுப்பிக்கும் நேரத்தைத் தேர்ந்தெடுப்பதே முதல் பாதுகாப்பு. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயலின்போது திருவள்ளூர் மாவட்டத்தில் மின்சாரம் தடைபட்டதை மறந்திருக்க மாட்டோம். வடகிழக்குப் பருவமழை நாள்களிலும், இடி மின்னல் வேளையிலும், பராமரிப்புக்காக மின்வாரியம் மின்தடை அறிவித்திருக்கும் நாளிலும் இந்த வேலை வேண்டாம். இன்வெர்ட்டர் இருந்தால் பெட்டியை அதில் இணைத்துக்கொள்ளலாம். கடற்கரை வீடுகளில் உப்புக்காற்று செருகிகளை அரித்துவிடும். மின்செருகி தளர்வாக ஆடவில்லை என்பதையும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

அடுத்தது, சரியான கோப்பு. திரையின் அளவு மாடல் எண் ஆகாது. பெட்டியின் பின்புறம் ஒட்டியுள்ள வில்லையில் இருக்கும் முழு எண்ணை, இறுதி எழுத்துகள் உள்பட, குறித்துக்கொள்ள வேண்டும். தற்போதைய மென்பொருளின் பதிப்பு எண் அமைப்புகள் பகுதியில் இருக்கும். ஒரே பெயரில் விற்கப்பட்ட இரு பெட்டிகளின் உள்ளே வெவ்வேறு திரைப் பலகைகள் இருக்கக்கூடும். பொருந்தாத மென்பொருளை ஏற்றினால் படம் தலைகீழாகத் தெரியலாம். எதுவுமே தெரியாமலும் போகலாம்.

பெட்டியின் அமைப்புகளிலிருந்து இணையம் வழியாகப் புதுப்பிப்பதே எளிது. கோப்பு சில நூறு எம்.பி. முதல் ஒரு ஜி.பி.க்கு மேலும் இருக்கலாம் என்பதால், கைப்பேசியின் அன்றாட டேட்டா வரம்பைப் பார்த்துக்கொள்வது நல்லது. பழைய பெட்டியால் இணையத்தில் இணைய முடியாவிட்டால், நிறுவனத்தின் அதிகாரபூர்வ இணையதளத்திலிருந்து கோப்பைக் கணினியில் இறக்கி, பென்டிரைவ் மூலம் ஏற்றலாம். பல பெட்டிகள் எஃப்.ஏ.டி.32 முறையில் ஃபார்மேட் செய்யப்பட்ட பென்டிரைவை மட்டுமே படிக்கும். ஃபார்மேட் செய்தால் அதிலுள்ள படங்கள் அழிந்துவிடும் என்பதால், அவற்றை முன்பே வேறிடத்தில் சேமிக்க வேண்டும். சுருக்கப்பட்ட கோப்பை விரித்து, பெயரை மாற்றாமல், நிறுவனம் சொல்லும் இடத்தில் வைக்க வேண்டும். வேலை முடியும்வரை பென்டிரைவைப் பிடுங்குவதோ, ரிமோட்டை அழுத்துவதோ, திரை இருண்டுவிட்டதே என்று சுவிட்சை அணைப்பதோ கூடாது. இடையில் திரை இருள்வதும், பெட்டி தானே மறுபடி தொடங்குவதும் இயல்பு.

அதிகாரபூர்வ புதுப்பிப்பும் தவறலாம். 2017 ஆகஸ்டில் சாம்சங் நிறுவனம் அனுப்பிய புதுப்பிப்பு ஒன்று பிரிட்டனில் அவ்வாண்டின் புதிய மாடல்கள் சிலவற்றையே முடக்கியது. வெளியான அன்றே அவசரப்படாமல் சில நாள்கள் பொறுப்பதில் நட்டமில்லை. ஆனால், நிறுவனத்திலிருந்து பேசுவதாகக் கூறி, செயலி ஒன்றை நிறுவச் சொல்லும் அழைப்பை நம்பக் கூடாது. அதனால் பணம் இழந்தால் உடனே 1930 என்ற சைபர் குற்ற உதவி எண்ணை அழைக்க வேண்டும். ‘எல்லா மாடலுக்கும் பொருந்தும்’ என்று இணையத்தில் கிடைக்கும் கோப்புகளும் விலக்கத்தக்கவை.

நிறுவனம் ஆதரவை நிறுத்திவிட்டால்? பெட்டியைத் தூக்கி எறிய வேண்டியதில்லை. அதன் இணைய இணைப்பைத் துண்டித்துவிட்டு, வெறும் திரையாகப் பயன்படுத்தலாம். எச்.டி.எம்.ஐ. துளையில் கேபிள் அல்லது டி.டி.எச். பெட்டியையோ, சில ஆயிரம் ரூபாய் விலையுள்ள, அறியப்பட்ட நிறுவனத்தின் ‘ஸ்டிக்’ கருவியையோ செருகினால் போதும். நீண்ட ஆயுள் கொண்ட திரையை, குறுகிய ஆயுள் கொண்ட மென்பொருளிலிருந்து பிரித்துவிடுகிறோம். அடுத்த முறை செலவாவது சிறிய கருவிக்கு மட்டுமே.

இவை தனிமனிதர் செய்யக்கூடியவை. ஆனால், சிக்கலின் வேர் சந்தையில் இருக்கிறது. விற்பவருக்குத் தெரிந்தது வாங்குபவருக்குத் தெரியாதபோது சந்தை பழுதாகும் என்பதைப் பழைய கார்களை உதாரணமாக வைத்து 1970-இல் விளக்கினார் ஜார்ஜ் ஏகர்லாஃப்; 2001-இல் நோபல் பரிசு பெற்றவர்களில் அவரும் ஒருவர். எத்தனை ஆண்டுகள் புதுப்பிப்பு தருவோம் என்பது நிறுவனம் முடிவு செய்வது. அதைச் சொல்லாத சந்தையில், ஏழு ஆண்டு ஆதரவு தரும் பெட்டியும் இரண்டே ஆண்டில் கைவிடப்படும் பெட்டியும் கடை அலமாரியில் ஒன்றுபோலவே தெரியும். மலிவானதே விற்கும். நீண்டகால ஆதரவுக்குச் செலவிடும் நிறுவனத்துக்கு அதனால் பயனில்லை.

பழவேற்காட்டு மீனவர்களுக்கு இந்த நியாயம் புதிதல்ல. ஏரியில் எந்த நாளில் எந்த இடத்தில் யார் வலை விரிப்பது என்பதைச் சுழற்சி அடிப்படையில் முன்கூட்டியே தீர்மானிக்கும் ‘பாடு’ முறை அங்கு உண்டு. அதற்குள் இடம்பெறாதவர்களின் மனக்குறைகள் இருந்தாலும், தன் முறை என்று வரும், என்று முடியும் என்பது பாட்டில் உள்ளவருக்குத் தெரியும். முன்கூட்டியே தெரிவதால்தான் அவர் வலைக்கும் படகுக்கும் துணிந்து செலவிடுகிறார். அதே குடும்பம் கடையில் தொலைக்காட்சி வாங்கும்போது அந்தத் தெளிவு இல்லை.

பிரிட்டனில் 2024 ஏப்ரல் 29 முதல், இணையத்துடன் இணையும் நுகர்பொருள்களுக்குக் குறைந்தபட்சம் எந்த நாள்வரை பாதுகாப்புப் புதுப்பிப்பு கிடைக்கும் என்பதை வெளியிடுவது கட்டாயம். இந்தியாவில் நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம், 2019 பொருளின் தரம் குறித்து அறியும் உரிமையை அளிக்கிறது. ‘பழுதுநீக்கும் உரிமை’க்கான இணையதளத்தை மத்திய நுகர்வோர் விவகாரத் துறை 2022 டிசம்பரில் தொடங்கியது. நல்ல தொடக்கங்களே இவை. ஆனால், மென்பொருள் ஆதரவு முடியும் தேதியைத் தொலைக்காட்சியின் அட்டைப்பெட்டியில் அச்சிட வேண்டும் என்ற கட்டாயம் இன்னும் வரவில்லை.

மின்சிக்கனத்துக்கான நட்சத்திரக் குறியீட்டைத் தொலைக்காட்சிகளில் ஒட்டப் பழக்கிய நாட்டுக்கு இது கடினமல்ல. ‘இந்தத் தேதிவரை மென்பொருள் ஆதரவு உண்டு’ என்ற ஒற்றை வரி, தமிழ் உள்ளிட்ட மாநில மொழிகளில், விலைக்குப் பக்கத்தில் இடம்பெற வேண்டும். அதுவரை, கடையில் அந்தக் கேள்வியைக் கேட்டு, பதிலை ரசீதில் எழுதி வாங்குவோம். வாக்களித்த ஆதரவு கிடைக்காவிட்டால், 1915 என்ற தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் புகார் செய்யும்போது அந்த ரசீதே நமக்குச் சாட்சி.

கட்டுரையாளர்: பொருளியல் பேராசிரியர் (ஓய்வு).