அச்சு வார்ப்பதற்கு முன்

படகில் என்ன குறை என்று கடலோடிக்குக் கையே சொல்லிவிடும், அதை எழுதக் குறிப்பேடு எதற்கு என்று ஒரு வாசகர் கேட்கிறார். கட்டுமரத்துக்கு அது சரிதான். கயிற்றை அவிழ்த்து, ஒரு மரத்தை மாற்றி, மறுபடி இறுக்கினால் திருத்தம் முடிந்தது. ஆனால் பழவேற்காட்டின் லைட்ஹவுஸ் குப்பம் போன்ற ஊர்களில் இன்று ஃபைபர் படகுகள் வந்துவிட்டன. அவை அச்சில் வார்க்கப்படுகிறவை. அச்சில் ஒரு பிசகு இருந்தால், அதில் பிறக்கும் படகு அத்தனைக்கும் அதே பிசகுதான். குறையை எழுதிக்கொள்ளும் நேரம், மாதிரிப் படகு மட்டும் கரையில் கிடக்கும்போதே.

இதை முறையாகச் செய்தது, 1979இல் சென்னையைத் தலைமையிடமாகக் கொண்டு ஐ.நா. உணவு வேளாண் அமைப்பு தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம். துறைமுகமில்லாத கரையில் எஞ்சின் படகு ஓட்டுவது பெரிய சிக்கல்: அலை உடையும் இடத்தில் தரை தட்டும், புரொப்பல்லர் மணலில் மாட்டும். அவர்கள் கண்ட விடை விசித்திரமானது. சிறிய டீசல் எஞ்சினையும் தண்டையும் புரொப்பல்லரையும் ஒரே பெட்டியில் பூட்டி, பெட்டியையே ஏற்றம் போல் சாய்த்துத் தூக்க வைத்தார்கள். கரை நெருங்கினால் புரொப்பல்லர் மேலே எழும்பிவிடும். பல மாதிரிகளை அலையில் ஓட்டிப் பார்த்து, 1980இல் அறிக்கையும் வெளியிட்டார்கள். எந்த மாதிரி எங்கே சறுக்கியது என்பது காகிதத்தில் இருந்தால்தான் அடுத்த மாதிரி அதற்குப் பதில் சொல்ல முடியும். முட்டம் கடற்கரையில் ஒட்டுப்பலகைப் படகுகளோடு மல்லாடிய பியர் ஜில்லே 1985இல் எழுதிய நூலுக்குச் 'சிறியது கடினம்' என்ற பொருளில் தலைப்பு வைத்ததில் வியப்பில்லை.

மீனவர்கள் ஆளுக்கொன்று சொல்கிறார்களே, எதை எழுதுவது என்று வடிவமைப்பாளர்கள் சலித்துக்கொள்வதுண்டு. அந்த முரண்தான் சரக்கு. நண்டு வலைக்காரர் பக்கப் பலகை தாழ வேண்டும் என்பார். வாடைக்காலத்தில் முகத்துவாரம் தாண்டுபவர் உயர வேண்டும் என்பார். யார், எந்த வலை, எந்த மாதம், எவ்வளவு பாரம் என்று பக்கத்தில் குறித்தால் இருவருமே சரி என்பது தெரியும். 'அகலத்தைக் குறை' என்றால் அது ஒரு மருந்து மட்டுமே. நோய், படகை மணலில் இழுக்க ஆள் போதாமையாக இருக்கலாம். இரண்டையும் தனித்தனியே எழுத வேண்டும். 2004 சுனாமிக்குப் பின் அவசரத்தில் வழங்கிய படகுகளில் பல தரம் குறைந்தவை. கொடுத்த எண்ணிக்கைக்கு இருந்த கணக்கு, வாங்கியவர் சொன்ன குறைக்கு இல்லை. கைவிட்ட யோசனையையும் காரணத்தோடு எழுதுவதுதான் பலரும் செய்யாதது. எழுதாவிட்டால் அடுத்து வரும் பொறியாளர் அதையே புதுமை என்று கொண்டுவருவார், செலவு மறுபடி மீனவர் தலையில் விழும்.