கரணை வேர் விடுவது எவ்வாறு?

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் நிலக்கடலை பயிரிடும் குடியானவர் பருப்பை விதைக்கிறார். கரும்பு பயிரிடுபவரோ தண்டைத் துண்டாக்கி நடுகிறார். வேலிக்குக் கிளுவைப் போத்தும் கொல்லையில் முருங்கைப் போத்தும் ஊன்றுவது இம்முறையே. விதைக்குள் முளைவேர் அடங்கியிருக்கிறது. வெட்டிய தண்டுக்கு வேர் எங்கிருந்து வருகிறது? இதனை அறிந்தால் நடவில் நேரும் நட்டத்தைப் பெரிதும் தவிர்க்கலாம்.

கரும்பின் கணுவை உற்று நோக்குங்கள். பருவை ஒட்டித் தண்டைச் சுற்றிலும் சிறு புள்ளிகள் வளையமாக அமைந்திருக்கும். அவையே வேர்முளைகள். கரணை ஈர மண்ணில் பட்டதும் அவை மெல்லிய வேர்களாக நீளுகின்றன. இவ்வேர்கள் சில வாரங்களே நிலைக்கும். பரு முளைத்துத் தளிர் வளர்ந்தபின், அத்தளிரின் அடியிலிருந்து பருத்த வெண்ணிற வேர்கள் தோன்றிப் பயிரைத் தாங்குகின்றன. அதுவரை இளந்தளிர் கரணையில் உள்ள சத்தையும் நீரையும் நம்பியே வாழ்கிறது. ஆதலால் காய்ந்த கரணையும் பரு நசுங்கிய கரணையும் பயன்படா.

வேறு பல செடிகளில் வேர் புதிதாகவே உருவாக வேண்டும். மொட்டுகளிலும் இளந்தளிர்களிலும் ஆக்ஸின் என்னும் வளர்ச்சிப் பொருள் உண்டாகிக் கீழ்நோக்கி இறங்குகிறது. கிளையை வெட்டினால் அது அடி வெட்டுவாயில் தேங்கி, அங்குள்ள உயிரணுக்களை வேராக மாறத் தூண்டுகிறது. தலைகீழாக ஊன்றிய போத்து சரிவரப் பிடிக்காததன் காரணம் இதுவே. 1930-களில் இவ்வுண்மை தெளிவாயிற்று. மரக்காணம் பக்கத்து மணற்பாங்கான நிலங்களுக்கு ஏற்ற சவுக்கையும் இன்று இம்முறையில் பெருக்குகின்றனர். தேர்ந்த மரத்தின் இளங்கொழுந்துகளை இன்டோல் பியூட்ரிக் அமிலத் தூளில் தோய்த்து, ஈரம் குன்றாத கூடாரத்தில் வைத்து வேர் பிடிக்கச் செய்கின்றனர்.

தண்டிலிருந்து வளரும் பயிர் தாயை முற்றும் ஒத்திருக்கும். தாயின் நற்குணம் வருவது போலவே அதன் நோயும் உடன் வரும். சர்க்கரைச் சத்து மிகுந்த கோ.சி. 671 என்னும் கரும்பு ஒரு காலத்தில் தமிழகத்தில் பெரிதும் பரவியிருந்தது. செவ்வழுகல் நோய்க்கு எளிதில் இரையானமையால் அதனைக் கைவிட நேர்ந்தது. இந்நோய்ப் பூசணம் கரணைக்குள்ளேயே மறைந்து அடுத்த வயலுக்குச் செல்லும்.

ஆகவே கரணை தேர்வதில் இவற்றைக் கடைப்பிடிப்பது நலம்:

விதைக்கரும்பு 6 முதல் 8 மாத வயதுடையதாக இருக்கட்டும். கட்டைப் பயிரிலிருந்து கரணை எடுக்க வேண்டாம். வெட்டிய முகம் சிவந்திருந்தாலும், பிளந்து பார்க்கையில் சிவப்பினிடையே வெண்திட்டும் புளித்த வாடையும் இருந்தாலும், அவ்வயலின் கரும்பை விதைக்கு அறவே விலக்குங்கள். இருபருக் கரணைகள் ஏக்கருக்குச் சுமார் 30,000 தேவை. 100 லிட்டர் நீரில் 50 கிராம் கார்பென்டாசிமும் 1 கிலோ யூரியாவும் கலந்து, கரணைகளை 15 நிமிடம் ஊறவைத்து, பருக்கள் பக்கவாட்டில் அமையுமாறு நடுக.

ஒருவர் வயலில் நட்ட நோய்க் கரணை பாசன நீர் வழியே ஊரார் வயலையும் கெடுக்கும். எனவே இது தனி ஒருவர் கவலையன்று. பஞ்சாயத்து உறுப்பினர்கள் முன்னின்று, ஊரில் வடிகால் வசதியுள்ள ஒரு நிலத்தை விதைக்கரும்புக்கென ஒதுக்க உழவர்களை இசையச் செய்யலாம். நல்ல கரணை ஊரிலேயே கிடைக்குமாயின், விலை மலிவு கருதி எங்கிருந்தோ வரும் கரணையை எவரும் நாடமாட்டார்.